வெயிலிலும் மழையிலும் கிடக்கத் தேக்கு நாற்காலி சரிப்படுமா?

கேள்வி இதுதான்: சென்னையில் கடலுக்குப் பக்கத்தில் வீடு, பின்னால் சின்னத் தோட்டம், மேலே மொட்டை மாடி. வருஷம் முழுக்க வெளியிலேயே கிடக்கிற மாதிரி ஒரு பெஞ்சு, நாலு நாற்காலி, ஒரு மேசை வேண்டும். இரும்பு துருப்பிடித்துவிட்டது, பிளாஸ்டிக் வெளுத்து உடைந்துவிட்டது. தேக்கில் செய்யக் கேட்டால் விலை மலைக்க வைக்கிறது. அந்தக் காசுக்கு அது தகுமா, மழையில் நனைந்தால் பாலிஷ் போய்விடாதா?

தகும். ஆனால் காசைத் தேக்கு என்ற பெயருக்குக் கொடுக்காதீர்கள், அதன் வைரத்துக்கு, அதாவது நடுவில் இருக்கும் பழுப்பு மரத்துக்குக் கொடுங்கள். பாலிஷ் போய்விடுமே என்ற கவலையும் வேண்டாம், வெளியில் போடுகிற தேக்குக்குப் பாலிஷே தேவையில்லை என்பதுதான் இத்தனை வருஷம் மரத்தோடு பழகியதில் நான் வந்து சேர்ந்த முடிவு. இரண்டையும் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் தேக்கு வாங்கி ஏமாந்தேன் என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு இடத்தில்தான் சறுக்கியிருக்கிறார்கள்.

முதலில் தேக்கு ஏன் மழையைத் தாங்குகிறது என்று பார்ப்போம். மரம் நின்று வளரும்போதே அதன் நடுப்பகுதியில் சில பொருட்களைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஒன்று ரப்பர் வகையைச் சேர்ந்தது. புதிதாக இழைத்த தேக்குப் பலகையைத் தடவினால் விரலில் ஒரு எண்ணெய் வழவழப்பு தட்டும், தோல் பை வாசனை மாதிரி ஒன்றும் வரும். அந்தப் பிசுக்குதான் தண்ணீரைச் சுலபத்தில் உள்ளே இறங்க விடாமல் வைத்திருக்கிறது. இன்னொன்று டெக்டோகுவினோன் என்ற வேதிப்பொருள், இது கரையானுக்கு ஆகாது. இதன் கூடவே இருக்கும் வேறு சில குவினோன்கள் மரத்தை அழுக வைக்கும் பூஞ்சையையும் அண்ட விடுவதில்லை. அப்புறம் மணலில் இருக்கிற அதே சிலிக்கா, ஒரு சதவீதத்துக்கும் மேலேகூட இருக்கும். தேக்கு அறுத்தால் ரம்பப்பல் சீக்கிரம் மழுங்கிவிடுகிறது என்று தச்சர்கள் புலம்புவது இதனால்தான்.

ஆனால் என்னைக் கேட்டால் வெளியில் போடும் சாமானுக்கு இதையெல்லாம் விடப் பெரிய குணம், தேக்கு அதிகம் அசையாது என்பது. எல்லா மரமும் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சென்னையில் மே மாத வெயிலில் காய்ந்து நவம்பர் மழையில் ஊறுகிற ஒரு நாற்காலி, வருஷா வருஷம் உப்பி உப்பிச் சுருங்குகிறது. அழுகுவதற்கு முன்பே மூட்டு கழன்றுவிடுவதும், பலகை முறுக்கிக்கொண்டு வெடிப்பதும் இதனால்தான். பச்சைத் தேக்கு முழுதாகக் காயும்போது நடுவிலிருந்து பட்டையை நோக்கிய வாக்கில் சுமார் 2.5 சதவீதமும், வளையங்களின் வாக்கில் 5 முதல் 6 சதவீதமும்தான் சுருங்கும். ஐரோப்பியர்கள் கொண்டாடும் ஓக் மரம் இதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். எடையும் நடுத்தரம்தான், கன மீட்டருக்கு 650 கிலோ வாக்கில் வரும். ஆகவே இரண்டு பேர் பெஞ்சைத் தூக்கி இடம் மாற்றலாம், சாதாரணக் காற்றுக்குப் பறந்தும் போகாது. வெயிலில் நாள் முழுக்கக் கிடந்தாலும் இரும்பு மாதிரி உட்கார்ந்ததும் சுடாது, இது மொட்டை மாடிக்கு ரொம்ப முக்கியம்.

இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் கப்பல்களைப் பாருங்கள். பம்பாய்த் துறையில் வாடியா குடும்பத்துக் கப்பல் தச்சர்கள் மலபார் தேக்கில் கட்டி 1817இல் தண்ணீரில் இறக்கிய திரிகோணமலை என்ற போர்க்கப்பல், இன்றைக்கும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதக்கிறது. ஓக் மரத்தில் இருக்கும் அமிலம் இரும்பை அரிக்கும், தேக்கில் அந்தத் தொல்லை குறைவு. 1860இல் தண்ணீரில் இறக்கிய வாரியர் என்ற இரும்புக் கவசக் கப்பலில், நாலரை அங்குல இரும்புத் தகட்டுக்குப் பின்னால் 18 அங்குலத்துக்குத் தேக்குதான் வைத்தார்கள். இப்படிப்பட்ட பழைய போர்க்கப்பல்களை உடைத்தபோது கிடைத்த தேக்கை லண்டனில் தோட்டத்துப் பெஞ்சாக அடித்து விற்றார்கள். உப்புத் தண்ணீரில் பல வருஷம் கிடந்த மரம், அப்புறம் மழையில் கிடக்கும் பெஞ்சு. மியான்மரில் அமரபுராவில் ஏரியின் குறுக்கே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஊ பெயின் பாலம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தேக்குத் தூண்களில் கட்டியது. சில தூண்களை மாற்றியிருக்கிறார்கள், ஆனாலும் ஜனங்கள் இன்னும் அதில்தான் நடக்கிறார்கள்.

சரி, இனி வைரத்துக்கு வருவோம். மேலே சொன்ன குணம் எல்லாம் மரத்தின் நடுவில் இருக்கும் பழுப்புப் பகுதிக்கு, அதாவது வைரத்துக்கு மட்டும்தான். பட்டைக்கு அடியில் வெளுப்பாக இருக்கும் பகுதியைப் பட்டறையில் வெள்ளை என்பார்கள். வெள்ளையில் எண்ணெயும் இல்லை, குவினோனும் இல்லை. அதே தேக்கு மரம்தான், ஆனாலும் வெள்ளை மழையில் அழுகும், கரையான் தின்னும், வண்டு துளைத்து மாவு கொட்டும். வீட்டுக்குள் ஒரு அலமாரியில் கொஞ்சம் வெள்ளை இருந்தால் மருந்தடித்துச் சமாளித்துவிடலாம். தோட்டத்தில் கிடக்கும் நாற்காலியின் காலில் ஒரு ஓரம் வெள்ளை இருந்தால், சில மழைக்காலத்துக்குள் அந்த ஓரம் மட்டும் பொத்துப்போகும், அப்புறம் மூட்டு ஆடும்.

கடைக்காரர்கள் வெள்ளையின் மேல் பழுப்புச் சாயம் ஏற்றி மறைப்பது சகஜம். அதனால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள், கால்களின் அறுத்த நுனியைப் பாருங்கள். அங்கே சாயம் சரியாக ஏறியிருக்காது. ஈரத்துணியால் துடைத்தால் வைரத்துக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இழைக்காத பலகையாகவே வாங்கித் தச்சரிடம் கொடுப்பது இன்னும் நல்லது. வெளிச் சாமானுக்கு வெள்ளை துளியும் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கழிவு கூடும், கன அடிக் கணக்கில் காசும் கொஞ்சம் கூடும், ஆனால் நீங்கள் வாங்குவதே அந்த வைரத்தைத்தான்.

எந்த ஊர்த் தேக்கு என்ற கேள்வி அடுத்து வரும். மரவாடியில் நிலம்பூர், பர்மா, ஆப்பிரிக்கா என்று பெயர்களை அடுக்குவார்கள். நிலம்பூர் என்பது சும்மா வந்த பெருமை இல்லை. 1840களில் மலபார் கலெக்டராக இருந்த கானலி, சாத்து மேனன் என்பவரைக் கொண்டு சாலியாற்றங்கரையில் தேக்கு நட ஆரம்பித்தார், உலகத்தில் தேக்கைத் தோட்டமாக வளர்த்ததில் மிகப் பழையவற்றில் அது ஒன்று, இப்போது அந்தத் தேக்குக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆனால் நம் கடைகளில் நிலம்பூர் என்று சொல்லி விற்கிற மரம் எல்லாம் அங்கிருந்து வர வாய்ப்பே இல்லை, அவ்வளவு மரம் அங்கே வெட்டுவதில்லை. வனத்துறை ஏலத்தில் எடுத்ததற்கான சீட்டு இருந்தால் நம்பலாம்.

பர்மா தேக்கும் அப்படித்தான். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களைப் பார்த்தவர்களுக்கு அந்த மரத்தின் அருமை தெரியும், அந்தக் காலத்தில் அது ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது. ஆனால் மியான்மர் 2014 ஏப்ரலிலிருந்தே உருட்டு மரம் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது, 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அமெரிக்காவும் ஐரோப்பாவும் அந்த நாட்டு அரசு மர நிறுவனத்தின் மேல் தடை போட்டன. இன்றைக்கு ஒருவர் புது பர்மா தேக்கு என்று சொன்னால், எந்த வழியில் வந்தது, காகிதம் எங்கே என்று கேட்க வேண்டும். காட்டை அழித்து வந்த மரமாக இருக்கக் கூடாது என்ற அக்கறையோடும்தான் இதைச் சொல்கிறேன். ஆனைமலையில் டாப்ஸ்லிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், வெட்டி வெட்டிக் காலியான தேக்குக் காட்டை ஹியூகோ உட் என்ற வன அதிகாரி மறுபடி வளர்த்தெடுத்தார், அவர் கல்லறையும் அங்கேயே மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. ஒரு தேக்கு முதிர ஒரு மனித ஆயுள் போதாது என்பதை அங்கே நின்றால் உணரலாம். பக்கத்தில் பரம்பிக்குளத்தில் இருக்கும் கன்னிமாரா தேக்குக்கு 450 வயதுக்கு மேல் என்கிறார்கள்.

இப்போது கடையில் பெரும்பாலும் கிடைப்பது தோட்டத் தேக்கு, அதாவது காட்டில் தானாக வளராமல் நட்டு வளர்த்த மரம். கானா, தான்சானியா, பனாமா, கோஸ்டா ரிக்கா, ஈக்வடார் என்று பல நாடுகளிலிருந்து வருகிறது. இதுவும் அசல் தேக்குதான், அதே இனம்தான், அதை மட்டமாகப் பேசுவது சரியில்லை. ஆனால் இருபது வருஷத்திலேயே வெட்டிய மரத்தில் வைரம் சிறுத்து, வெள்ளை அதிகமாக இருக்கும். இள வைரத்தில் எண்ணெயும் குவினோனும் முதிர்ந்த மரத்தில் இருக்கிற அளவுக்குச் சேர்ந்திருக்காது. மரங்கள் எவ்வளவு அழுகலைத் தாங்கும் என்று ஐரோப்பியத் தரப்பட்டியல் ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது. அதில் ஆசியக் காட்டுத் தேக்கு முதல் வகுப்பில் இருக்கிறது, தோட்டத் தேக்கோ ஒன்றிலிருந்து மூன்று வரை பரவி நிற்கிறது. அதாவது நல்லதும் உண்டு, சுமாரும் உண்டு, கண்ணால் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். நம் ஊரில் காவிரிக் கால்வாய்க் கரைகளிலும் விவசாயிகள் வரப்பிலும் வளர்த்த நாட்டுத் தேக்குக்கும் இதே விதிதான், பருத்த முதிர்ந்த மரமா, வைரம் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு எச்சரிக்கை, ஆப்பிரிக்கத் தேக்கு என்ற பெயரில் ஐரோக்கோ என்ற வேறொரு மரத்தையும் விற்கிறார்கள். அதுவும் வெளியில் நன்றாகவே தாங்கும், ஆனால் தேக்கு விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த வழி பழைய மரம். இடித்த வீடுகளிலிருந்து வரும் உத்தரம், நிலை, கதவுச் சட்டம் காரைக்குடிப் பக்கமும் சென்னையிலும் கிடைக்கிறது. பல பத்தாண்டுகள் காய்ந்து, அசைய வேண்டியதெல்லாம் அசைந்து முடிந்த மரம் அது, பெரும்பாலும் முதிர்ந்த வைரம். உள்ளே பழைய ஆணி ஒளிந்திருக்கும், அதைப் பிடுங்காமல் அறுத்தால் ரம்பம் போய்விடும், சுவரில் பதிந்திருந்த முனை இற்றுப்போயிருக்கும், அதை வெட்டிக் கழிக்க வேண்டும். பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம், உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாமல் எடுக்கச் சொல்லுங்கள். இவ்வளவையும் கழித்தாலும் அது லாபம்தான்.

மரம் சரியாக அமைந்துவிட்டது, அடுத்தது மூட்டு. வெளியில் கிடக்கும் நாற்காலி முதலில் தோற்பது மரத்தில் அல்ல, மூட்டில். ஒரு கட்டையில் துளை எடுத்து, மற்றக் கட்டையின் நுனியைச் செதுக்கி அதில் செருகி, குறுக்கே மர ஆணி அடிக்கிற பழைய முறையை விடச் சிறந்தது எதுவும் இல்லை. வெறும் ஸ்குரூ போட்டு இறுக்கிய நாற்காலி எவ்வளவு உயர்ந்த தேக்கானாலும் வேண்டாம். தேக்கின் எண்ணெய்ப் பிசுக்கு பசையைப் பிடிக்க விடாது, அதனால் ஒட்டுகிற இடத்தை அசிட்டோனால் துடைத்து, அது ஆவியானதும் உடனே ஒட்ட வேண்டும், எபாக்ஸி பசையாக இருந்தால் நல்லது. பல தச்சர்கள் இந்தத் துடைக்கிற வேலையை விட்டுவிடுகிறார்கள், பக்கத்தில் நின்று சொல்லுங்கள். கடலுக்குப் பக்கத்தில் என்கிறீர்கள், அப்படியானால் ஸ்குரூ, போல்ட் எதுவானாலும் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளை. உப்புக்காற்று தேக்கை ஒன்றும் செய்யாது, சாதா இரும்பைத் தின்றுவிடும், அந்தத் துரு மரத்தில் கறுப்பாக இறங்கினால் எடுப்பது கஷ்டம். மரம் வேலைக்கு வரும்போது ஈரப்பதம் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும், நல்ல மரவாடிகளில் மீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்வார்கள்.

அமைப்பிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். மேசை மேலும் பெஞ்சு மேலும் ஒரே பெரிய பலகையாகப் போடாமல், மூன்று நாலு அங்குல அகலத்தில் ரீப்பர்களாக இடைவெளி விட்டு அடியுங்கள். தண்ணீர் தேங்காமல் வடியும், காற்று ஓடும், ஒவ்வொரு பட்டையும் தன் பாட்டுக்கு உப்பிச் சுருங்கும். கால்களின் அடி நுனிதான் மரத்தின் வாய், அந்த வழியாகத்தான் ஈரம் ஏறும். அங்கே எபாக்ஸி தடவி, ஒரு ரப்பர் குமிழோ பித்தளைக் குமிழோ வைத்துவிடுங்கள். தோட்டத்தில் மண்ணில் நேராக வைக்காமல் நாலு கல் பதித்து அதன் மேல் வையுங்கள். வைரம்கூட நிரந்தரமாக ஈர மண்ணில் நின்றால் ஒரு நாள் தோற்கும்.

இனி பாலிஷ் விஷயம். வார்னிஷ், மெலமைன், பி.யு. என்கிற பாலியூரிதேன் எதுவானாலும் மேலே ஒரு தோல் மாதிரி படிகிறது. வீட்டுக்குள் அது அழகு. வெளியில், புற ஊதா வெயில் அந்தத் தோலையும் அதற்கு அடியில் மரத்தின் மேல்மட்டத்தையும் சேர்த்துச் சிதைக்கிறது, ஒரு இடத்தில் கீறல் விழுந்ததும் தண்ணீர் உள்ளே போய் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்கிறது, பிறகு கறுத்து உரிந்து நிற்கும். உரிந்ததைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி பூசுகிற வேலை உங்களுக்கு ஓயாது. சும்மா விட்ட தேக்கோ மெல்ல மெல்ல வெள்ளி கலந்த சாம்பல் நிறத்துக்கு மாறும். லிக்னின் என்கிற பொருள் வெயிலில் உடைந்து, மழையில் கழுவிப் போவதால் வரும் நிறம் இது, மேலே மிக மெல்லிய ஒரு படலத்தோடு நின்றுவிடும், லேசாக இழைத்தால் உள்ளே அதே பொன் பழுப்பு இருக்கும். இதைப் பார்த்து மரம் கெட்டுவிட்டது என்று பதறி எண்ணெயைத் தேட வேண்டாம்.

தேக்கு எண்ணெய் என்று டப்பாவில் விற்பது தேக்கிலிருந்து எடுத்ததே இல்லை, பெரும்பாலும் ஆளி விதை எண்ணெய் மாதிரி ஒன்றில் வார்னிஷும் கரைப்பானும் கலந்தது. நிறம் சில மாதம் நிற்கும், ஆயுள் கூடாது, நம் ஊர் ஈரக்காற்றில் அந்த எண்ணெய்ப் பசையே கறுப்புப் பூசணத்துக்குத் தீனியாகிவிடும். பொன் நிறம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், தோல் படியாத, புற ஊதாவைத் தடுக்கும் சீலர் ஒன்றை வருஷா வருஷம் அடியுங்கள், இல்லையென்றால் கூரைக்குக் கீழே போடுங்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மழைக்காலம் முடிந்ததும் சோப்புத் தண்ணீரும் மெல்லிய தூரிகையும் வைத்துக் கழுவினால் பாசியும் பறவை எச்சமும் போய்விடும். இரும்பு நார், வேகமாகப் பீய்ச்சுகிற பம்ப் இரண்டும் வேண்டாம், அவை ரேகைகளுக்கு நடுவில் இருக்கும் மிருதுவான பகுதியைத் தோண்டி எடுத்து மேடு பள்ளமாக்கிவிடும். பிளாஸ்டிக் தாளால் மூடி வைக்கவும் வேண்டாம், உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். இன்னொன்று, புதுத் தேக்கு முதல் மழைகளில் பழுப்பு நிறச் சாயம் விடும். வெள்ளை டைல்ஸ் மேலோ புது கிரானைட் மேலோ முதல் மழைக்காலத்தில் போடாதீர்கள், வெள்ளை மெத்தையும் அப்போது வைக்காதீர்கள். முதல் வருஷத்தில் பலகை நுனிகளில் மயிரிழை வெடிப்பு வரும், அது சாதாரணம்.

வேறு மரம் ஆகாதா என்றால், ஆகும். பூவரசு வைரம் ஈரத்தைத் தாங்கும், படகுக்கும் வண்டிக்கும் போட்ட மரம், ஆனால் நீளப் பலகை கிடைப்பது அரிது. பலா வைரமும் தாங்கும். வேம்பைப் பூச்சி அவ்வளவாகத் தொடாது, ஆனால் முறுக்கி வெடிக்கும். ரப்பர் மரமும் எம்.டி.எஃப். பலகையும் வெளியில் வேண்டவே வேண்டாம்.

செலவு இடித்தால் இப்படிச் செய்யுங்கள். தோட்டத்து பெஞ்சை முழுக்க நல்ல தேக்கு வைரத்தில் இப்போதே செய்துகொள்ளுங்கள், அதுதான் தினமும் நனையும். மாடி மேசைக்கும் நாற்காலிக்கும் அலுமினியச் சட்டம் அடித்து, உட்காருகிற இடத்துக்கும் மேல்பரப்புக்கும் மட்டும் தேக்கு ரீப்பர் போடுங்கள். தேவைப்படும் மரம் பாதியைவிடக் குறைந்துவிடும், அலுமினியம் துருவும் பிடிக்காது, ரீப்பர் ஒன்று போனாலும் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். தச்சரிடம் போகும்போது பெஞ்சின் நீளம், காலின் கனம், ரீப்பர் அகலம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். வைரம் மட்டும், செருகு மூட்டு, 316 ஸ்குரூ, பாலிஷ் வேண்டாம் என்பதையும் அதே தாளில் எழுதி, அதற்கு விலை கேளுங்கள்.